நீலம் ஒரே மாதிரி, சாம்பல் ஆளுக்கொரு மாதிரி: அமெரிக்க உள்நாட்டுப் போர் நாடகத்துக்குத் துணி தைக்கிற விதம்

ஆண்டு விழா சீசன் வந்தா பவானி, கோபி, அந்தியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல இருந்து என் தையல் கடைக்கு ஆர்டர் வரும். கட்டபொம்மன், சின்னமலை, பாரதியார்னா கண்ண மூடிட்டுத் தைச்சிருவேன். லிங்கன் நாடகம்னா மட்டும் டீச்சருங்க, "பாதிப் பேருக்கு நீலம், பாதிப் பேருக்குச் சாம்பல், அவ்வளவுதானுங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அப்படியே தைச்சா ஸ்போர்ட்ஸ் டேக்கு ரெண்டு ஹவுஸ் பசங்க நிக்கிற மாதிரித்தான் இருக்கும். நீலச் சட்டை எல்லாம் ஒரே அச்சுல இருக்கணும். சாம்பல்ல ரெண்டு சட்டை ஒத்துப் போகக் கூடாது.

காரணம் இருக்குதுங்க. நீலம் அமெரிக்காவோட வடக்கு மாநிலப் படை, சாம்பல் பிரிஞ்சு போன தெற்கு மாநிலப் படை. 1861ல ரெண்டுக்கும் சண்டை மூண்டப்ப மில்லு, ரயிலு, பணம் எல்லாம் பெரும்பாலும் வடக்குப் பக்கம். பிலடெல்பியாவுல ஸ்கூல்கில் ஆயுதசாலையில துணிய வெட்டிக் குடுப்பாங்க, ஆயிரக்கணக்கான பொம்பளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கையில தைச்சுத் திருப்பித் தருவாங்க, பீஸ் ரேட்டுக்கு. தெற்குல பருத்தி மலை மலையா வெளஞ்சும் நெய்யறதுக்கு மில்லு கொஞ்சம்தான். அந்த ஏப்ரல்லயே வடக்குப் பக்கத்து ஜனாதிபதி லிங்கன் தெற்குத் துறைமுகங்கள அடைக்க உத்தரவு போட்டுட்டாரு. இங்கிலாந்து லங்காஷயர் மில்லுங்க பஞ்சுக்குத் தவிச்சு இந்தியா பக்கம் திரும்ப, நம்ம கோயமுத்தூர் ஜில்லாப் பருத்திக்கும் அப்ப விலை ஏறுச்சு. அமெரிக்கத் தெற்குல பருத்தி வெளஞ்ச ஊர்க்காரனுக்கோ உடுத்தத் துணி பத்தல.

முதல்ல நீலத்த முடிச்சிருங்க. கோட்டு கருநீலம். இடுப்புல தையல் இல்லாம தொடை வரைக்கும் லூசா தொங்கும், சின்ன மடிப்புக் காலர், முன்னால நாலே நாலு பித்தளைப் பட்டன். டீச்சரம்மா எட்டுப் பட்டன் கேப்பாங்க, குடுக்காதீங்க. பேன்ட் வெளிர்நீலம். அசல் துணி கம்பளி. 1863 ஜூலையில கெட்டிஸ்பர்க்ல மூணு நாள் அதோடதான் வெயில்ல நின்னு சண்டை போட்டாங்க. நம்மூர்ப் பசங்க தாங்க மாட்டாங்க, காட்டன் டிரில் போதும். பளபளப்பு இருக்கிற டெரிகாட்டன் வேண்டாம், லைட் பட்டா மின்னும். 58 இன்ச் பன்னாவுல, அதாவது துணி அகலத்துல, வளர்ந்த பையனுக்குக் கோட்டு ரெண்டு மீட்டருக்குள்ள அடங்கிரும், பேன்ட்டுக்கு ஒண்ணே கால். சார்ஜென்ட்டுக்குக் கையில மூணு பட்டை, கார்ப்பரலுக்கு ரெண்டு. நம்ம ஏட்டுக்கு இருக்கிறாப்புல முனை கீழ பாக்கணும். காலாட்படைக்குப் பட்டை வெளிர்நீலம், குதிரைப்படைக்கு மஞ்சள், பீரங்கிப்படைக்குச் சிவப்பு.

இனி சாம்பல். கடையில ரெடியாக் கிடைக்கிற சாம்பல் துணிய வாங்கிராதீங்க, அது வாட்ச்மேன் யூனிபார்ம். தெற்குல பருத்திப் பாவுல கம்பளி ஊடை போட்டு நெய்த ஜீன் துணிதான் நெறைய ஓடுச்சு. சாயம் செடிகொடியில எடுத்தது, வெயில் பட்டா சாம்பல் வெளுத்துப் பழுப்பாயிரும். வால்நட் ஜாதி மரத்துப் பட்டையிலயும் தோட்டுலயும் எடுத்த பழுப்பும் உண்டு. அந்த மரத்துப் பேரையே, பட்டர்நட்டுன்னு, சிப்பாய்க்கும் வெச்சுக் கூப்பிட்டாங்க.

இதுக்கு நம்மகிட்டக் கடுக்காயும், அன்னபேதிங்கிற இரும்பு உப்பும் இருக்கு. எங்க வீட்டுக்காரர் முந்தி சாயப்பட்டறையில இருந்தவரு, அளவு அவரு சொன்னது. ட்வில் காடாத் துணி வாங்கி, கஞ்சி சுத்தமாப் போற வரைக்கும் சுடுதண்ணியில அலசுங்க. கஞ்சி நின்ன இடத்துல சாயம் திட்டுத் திட்டா விழும். ஒரு கிலோ துணிக்குக் கடுக்காய்ப் பொடி 200 கிராம், தண்ணியில கரைச்சு ராத்திரி பூரா ஊற வைங்க. காலையில பிழிஞ்சு, அலசாம நிழல்ல காய வைங்க. அப்ப வெளுத்த மஞ்சளாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. தனியா ஒரு பிளாஸ்டிக் தொட்டியில அன்னபேதி 25 கிராம் கரைச்சு, கிளவுஸ் போட்டுட்டு, துணிய உள்ள விட்டுப் பெரட்டுங்க. கண்ணு முன்னாலயே மஞ்சள் சாம்பலாகும். பத்து நிமிஷத்துல எடுத்து நல்லா அலசிருங்க. அன்னபேதி கூடிப் போனா துணி இத்துப் போயிரும். கழிவுத் தண்ணிய வாய்க்கால்ல விடாதீங்க, எங்க பக்கத்துக் காளிங்கராயன் வாய்க்கால் சாயத் தண்ணியால பட்டது போதும்.

மொத்தத் துணியையும் ஒரே தொட்டியில முக்காதீங்க. ஒரு பங்கு அஞ்சு நிமிஷம், ஒரு பங்கு பத்து நிமிஷம், இன்னொரு பங்கு காசுக்கட்டி காய்ச்சின தண்ணியில பழுப்பு. தைச்ச பிறகு முக்குனா பாலியஸ்டர் நூல் சாயம் பிடிக்காமப் பல்லைக் காட்டும், அதனால சாயம் முதல்ல, தையல் அப்புறம். கோட்ட இடுப்போட நிறுத்திருங்க, துணி மிச்சம்னு அவங்களே அப்படித்தான் தைச்சாங்க. பித்தளைப் பட்டனோட சிரட்டைப் பட்டன், மரப் பட்டன்னு கலந்து விடுங்க. வடக்கனுக்கு முன்னால சரிஞ்ச தொப்பி, தோல் விளிம்பு வெச்சது. தெக்கத்தியானுக்கு அகல விளிம்புத் தொப்பி, நசுங்கினதா இருந்தா நல்லது.

"நிறம் கலந்தா யாரு எந்தப் பக்கம்னு குழம்பாதா?"ன்னு கேப்பாங்க. நிஜத்துலயே குழம்புச்சுங்க. 1861 ஜூலை 21 புல் ரன் சண்டையில வடக்கு விஸ்கான்சின் படை ஒண்ணு சாம்பல் உடுத்தி வந்துச்சு. தெற்கு வர்ஜீனியா 33ஆம் படையில நீலம். அந்த நீலத்தப் பாத்து நம்மாளுங்கன்னு வடக்கு பீரங்கிக்காரங்க சும்மா நிக்க, பீரங்கியே பறி போச்சு. ஸ்கிரிப்ட்ல இந்தச் சீன் இருந்தா ரெண்டே சட்டைய மாத்தித் தைச்சாப் போதும்.

கடைசிச் சீன் பெரும்பாலும் சரணடையறதுதான்: 1865 ஏப்ரல் 9, அப்போமாட்டாக்ஸ். இங்க மட்டும் கணக்கத் திருப்பிப் போடணும். தோத்த தெற்குப் படைத் தலைவர் ஜெனரல் லீக்குத்தான் நல்ல துணி: புதுச் சாம்பல் கோட்டு, கழுத்து வரைக்கும் பட்டன், இடுப்புல பட்டுக் கச்சை, வாள். காலர்ல மூணு நட்சத்திரம், சுத்தி ஜெனரலுக்குரிய இலை மாலை வேண்டாம், அவரு கர்னல் பதவி அடையாளத்தத்தான் போட்டுக்குவாரு. ஜெயிச்ச வடக்குப் படைத் தலைவர் கிராண்டுக்குச் சிப்பாய்க் கோட்டு, தோள்ல மட்டும் மூணு நட்சத்திரப் பட்டை, வாள் கிடையாது, பூட்ஸ்ல சேறு. பெத்தவங்க யாராச்சும் வந்து "எம் பையன் ஜெயிக்கிற ஆளு, அவனுக்கு ஏனுங் இந்த அழுக்கு?"ன்னு சண்டைக்கு நிப்பாங்க. அவங்கள டீச்சர்கிட்ட அனுப்பிட்டு நீங்க பட்டனக் கட்டுங்க.