மரக்கன்று அப்புறம், முதலில் இ.பி. பில்

மேலூர்ப் பக்கத்து ஊராட்சிகளில் 26 வருஷம் செயலராக இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு நேரே என்னிடம் வந்தார். "அண்ணே, ஊராட்சியோட கார்பனைக் குறைக்கணுமாம். எத்தனை கன்னு வாங்கலாம்?" கன்று இருக்கட்டும், பில் கட்டை எடுத்துட்டு வாங்க என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊராட்சி கரியைக் கக்குவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: தண்ணீர் மோட்டார், தெருவிளக்கு, குப்பை. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டுக்கொள்ளலாம். டீசல் என்றால் லிட்டருக்கு 2.7 கிலோ. இந்த இரண்டு எண் போதும், கன்சல்டன்ட் வேண்டாம். எல்லா இணைப்புகளின் பில்லையும் ஒரு வருஷத்துக்கு எடுத்து, ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். எங்கள் நோட்டில் முக்கால்வாசி மோட்டாருக்கே போயிருந்தது. வற்றிப்போன ஒரு போர்வெல் பெயரில் வருஷக்கணக்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அது கார்பன் கணக்கில் வராது, வயிற்றெரிச்சல் கணக்கில் வரும்.

இப்போது மோட்டாருக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேல்நிலைத் தொட்டி காலியாக இருக்கும் ஒரு விடிகாலையில் போங்கள். தொட்டியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் போகும் கேட் வால்வை அடைத்துவிட்டு மின் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், மோட்டாரைப் போடுங்கள், தொட்டி நிரம்பியதும் மறுபடி குறியுங்கள். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரம் தூக்க, நஷ்டமே இல்லாவிட்டால் 0.27 யூனிட் போதும். எங்கள் தொட்டி 30,000 லிட்டர். போரில் தண்ணீர் நிற்கும் ஆழம், தொட்டியின் உயரம், குழாயின் உரசல் எல்லாம் சேர்த்து 75 மீட்டர் என்று வைத்தேன். 6 யூனிட் சொச்சம் வந்தது. எந்த மோட்டாரும் அப்படி ஓடாது. இரண்டரை மடங்கு வரை, அதாவது 15 யூனிட் வரை போனால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் மீட்டர் காட்டியது 27. நிரம்ப நாலு மணி நேரம் ஆனது.

"எப்பவும் இம்புட்டு நேரந்தான் சார் ஓடும்" என்றார் ஆபரேட்டர். பொய்யில்லை, அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆள் வைத்து பைப்பை மேலே ஏற்றிப் பார்த்தோம். மூன்றாவது பைப்பில், இணைக்கிற சாக்கெட்டுக்குக் கீழே, சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. தூக்கிய தண்ணீரில் பாதி அங்கேயே பீய்ச்சி போருக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டையைச் சுற்றி இரும்பு தேய்ந்து பளபளவென்றிருந்ததை இன்றும் மறக்கவில்லை. அந்த ஒரு பைப்பை மாற்றிய பிறகு 15 யூனிட், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு தடவை நிரப்ப 12 யூனிட் மிச்சம் என்றால் எட்டு கிலோவுக்கு மேல் கார்பன் மிச்சம். தினமும் ஒரு தடவை நிரப்பினால் வருஷத்துக்கு மூன்று டன். எந்தக் கன்றும் முதல் வருஷத்தில் இதைச் செய்யாது.

தொட்டி நிரம்பி வழிவதும் கரிதான். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள். ஆனால் போட்ட கையோடு ஆபரேட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தன் வேலை போய்விடுமோ என்று பயந்தால் அடுத்த வாரமே அந்த ஒயர் "எலி கடித்து" அறுந்திருக்கும்.

தெருவிளக்கில் எல்.இ.டி. மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்தது. பழைய 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. அந்த வெளிச்சத்தைத் தரும். ஆனால் விடிந்து எட்டு மணி வரை எரிகிற எல்.இ.டி.யால் என்ன லாபம்? 200 விளக்கு தினமும் இரண்டு மணி நேரம் வீணாக எரிந்தால் மாதம் 240 யூனிட், கிட்டத்தட்ட 170 கிலோ. டைமர் வையுங்கள். கார்த்திகையில் ஆறு மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும், ஆனியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அதனால் வருஷம் இரண்டு தடவையாவது நேரத்தை மாற்றவேண்டும். அதை யார் செய்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

குப்பையில் ஆபத்து மக்கும் குப்பைதான். முகூர்த்த நாளுக்கு மறுநாள் மண்டபத்து வாழை இலையும் மிச்சச் சோறும் மூட்டையாகக் குவிந்து காற்றுப் படாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. இலையை மாடு வைத்திருப்பவர்கள் அன்றே வந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள், மிச்சத்தை உரக்குழியில் போட்டுக் கிளறிவிடச் சொல்லுங்கள். தூய்மைக் காவலர்களிடம் தரம் பிரித்துக் கொடுக்காத வீட்டை அவர்களே திட்ட முடியாது; அந்தக் கெட்ட பெயரைத் தலைவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சோலார் பற்றி ஒரு வார்த்தை. பேட்டரி வைத்த சோலார் தெருவிளக்கு வேண்டவே வேண்டாம். பேட்டரி செத்ததும் மாற்ற நிதி இருக்காது, கம்பம் மட்டும் நிற்கும். அதற்குப் பதில் அலுவலகக் கூரையில் மின்வாரிய லைனோடு இணைகிற பேனல் போடுங்கள். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி இடம், நாளைக்குச் சுமார் 4 யூனிட். அழகர்மலைப் பக்கம் என்றால் ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள், குரங்கு விடாது. பெரிதாக நினைப்பவர்கள் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைப் பார்த்து வரலாம். அந்த ஊராட்சி 2006லேயே 350 கிலோவாட் காற்றாலை போட்டு மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. நமக்கு அந்தக் காற்று கிடையாது, வெயில் இருக்கிறது.

நோட்டில் ஏற்றிய யூனிட்டை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசியுங்கள். வருஷம் ஆறு தடவை கூடுகிறதே. கார்பன் என்றால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். "போன வருஷம் இதே மாசம் இவ்வளவு, இப்போ இவ்வளவு" என்றால் பின்வரிசையிலிருந்து கேள்வி வரும்.

சரி, கன்று. நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சேர்ந்த புதிதில் 500 கன்று நட்டு, கோடை முழுக்க டிராக்டரில் தண்ணீர் ஊற்றி, டீசலும் போய்க் கன்றும் போனது. அதனால் தம்பியிடம் கண்மாய்க் கரைக்குப் பனங்கொட்டை சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். புரட்டாசியில் ஊன்றிவிட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும், டிராக்டர் வேண்டியதில்லை.