லாரி பாகங்களுக்குப் பிரஷ்ஷிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி

கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இல்லையே என்று சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பம்பர் பிராக்கெட், ஆக்சில், பேட்டரி பெட்டியெல்லாம் துருப்பிடிக்க விட்டுவிடாதீர்கள். இந்தப் பாகங்களுக்கு, கன் கையில் இருந்தாலும் நான் பிரஷ்ஷையும் சின்ன ரோலரையும்தான் எடுப்பேன். வெல்டிங் ஓரத்தில் இருக்கும் குழிகளுக்குள் பெயிண்டைத் தேய்த்து இறக்க பிரஷ்ஷால்தான் முடியும். கேபின் கதவு போலப் பளபளப்பு வேண்டிய இடம் வேறு. அடிப்பாகத்தில் பெயிண்ட் இரும்பைப் பிடித்து நின்றால் போதும்.

அப்படி நிற்குமா என்பது டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. புது இரும்பு என்றால் சுத்தமான இரும்பு என்று நினைத்துவிடுகிறோம். சூட்டில் உருட்டிய தகடு, ஆங்கிள், சேனல் எல்லாவற்றின் மேலும் கருநீலச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் இருக்கும், அதை மில் ஸ்கேல் என்பார்கள். கெட்டியாக, வழவழப்பாக இருப்பதால் அதைத் தொடவே மனம் வராது. ஒரு முறை அதன் மேலேயே ப்ரைமர் என்கிற அடிக்கோட், அதற்கு மேல் இரண்டு கோட் எனாமல் என்கிற கலர் பெயிண்ட் என்று அடித்து ஒரு பிராக்கெட்டை மாட்டினேன். மழைக்காலம் தாண்டியதும் பெயிண்ட் செதில் செதிலாகக் கையோடு வந்தது, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அந்தக் கருநீலத் தோலும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டிருந்தது. பெயிண்ட் தோலை விடவில்லை, தோல்தான் இரும்பை விட்டுவிட்டது. அதிலிருந்து கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் அடுக்கிய வட்டு) போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை எடுக்காமல் நான் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. மணல் வீச்சு செய்ய வசதி இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் தேய்ப்பதற்கும் முன்னால் எண்ணெய் போக வேண்டும், இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். கிரீஸ் இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தின்னரோ கிரீஸ் எடுக்கும் திரவமோ நனைத்துத் துடையுங்கள், அது காய்ந்துபோவதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய விட்டால் கரைந்த கிரீஸ் அதே இடத்தில் மறுபடி படிந்துவிடும். பெட்ரோலில் கழுவாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், எண்ணெய்ப் பிசுக்கையும் விட்டுவிட்டுப் போகும். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் கீறல் விழத் தேயுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மட்டும் ஓட்டினால் இரும்பு மினுமினுக்கும், ஆனால் அது மெருகேறிய மினுமினுப்பு, பெயிண்டுக்குப் பிடிமானம் இருக்காது. தேய்த்த தூசியைத் தட்டிவிட்டு மறுபடி ஒரு முறை தின்னர் துணி, உலர்ந்த துணி. இதற்குப் பிறகு வெறும் கையால் தொடக்கூடாது.

சுத்தம் செய்த அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள், ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மஞ்சள் படர ஆரம்பித்துவிடும். இரும்பின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸாவது கூட இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதிகாலையில் இரும்பு சில்லென்று இருந்தால், கண்ணுக்கு ஈரம் தெரியாவிட்டாலும் வெயில் ஏறும் வரை பொறுங்கள். அதற்காகத் தொட்டால் சுடுகிற இரும்பிலும் அடிக்க வேண்டாம், பெயிண்ட் பரவுவதற்குள் இறுகிவிடும்.

ப்ரைமரில் என் முதல் தேர்வு, இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி. கலக்கும் விகிதத்தை டப்பாவில் போட்டபடியே அளந்து ஊற்றுங்கள், கண் அளவு வேண்டாம். கலந்தபின் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்பதால் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது. வெயில் பட்டால் எபாக்சி சுண்ணாம்பு மாதிரி பொடிந்துவிடும், மேலே கலர் கோட் கட்டாயம். ரெட் ஆக்சைடும் தப்பில்லை, ஆனால் சாதாரண ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும், அதை மட்டும் அடித்துவிட்டு மழையில் போட்டுவைத்தால் அடியில் துரு ஓடிக்கொண்டிருக்கும்.

பெயிண்ட் காயும்போது கூர்மையான ஓரத்திலிருந்து விலகி இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும், அதனால்தான் எந்த வண்டியிலும் துரு முதலில் ஓரத்தில் தலைகாட்டுகிறது. ஓரங்களை அரத்தால் லேசாக மழுக்கிவிடுங்கள். பிறகு ஓரம், வெல்டிங், போல்ட் ஓட்டை இவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுங்கள், அது கொஞ்சம் இறுகியதும் மொத்தப் பாகத்துக்கும் அடியுங்கள். எனக்குத் தெரிந்து அதிகப் பலன் தரும் பத்து நிமிட வேலை இதுதான்.

சமதளத்துக்கு 4 அங்குல ரோலர், மயிர் குட்டையாக இருக்கட்டும். ஸ்பாஞ்ச் ரோலர் என்றால் உங்கள் தின்னரில் ஒரு துண்டை நனைத்துப் பாருங்கள், சில வகை கரைந்து கூழாகிவிடும். ரோலரில் பரப்பிய உடனே, காய்ந்த பிரஷ்ஷின் நுனியால் அழுத்தாமல் ஒரே திசையில் ஒரு இழுப்பு, குமிழெல்லாம் உடைந்துவிடும். அதற்கப்புறம் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பாதி காய்ந்த பெயிண்டைத் திரும்பத் தொட்டால் வரி விழும், அந்த வரி போகவே போகாது.

தடியாக ஒரே கோட் வேண்டாம், மேலே தோல் கட்டி உள்ளே மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். மெல்லிசாக இரண்டோ மூன்றோ கோட் போதும். எனாமலில் அடுத்த கோட்டுக்கான நேரத்தை டப்பாவில் பார்த்து அப்படியே பின்பற்றுங்கள், அரைகுறையாகக் காய்ந்த கோட்டின் மேல் அடித்தால் சுருங்கித் தூக்கிக்கொள்ளும்.

சில இடங்களில் பெயிண்ட் படவே கூடாது. சக்கரம் ஹப்போடு உட்காரும் முகமும் வீல் நட்டு உட்காரும் இடமும் முக்கியமானவை, அங்கே இருக்கும் பெயிண்ட் ஓட்டத்தில் நசுங்கி நட்டின் இறுக்கம் தளர்ந்துவிடும். பிரேக் டிரம்மின் உள்பக்கம், எர்த் வயர் பிடிக்கும் இடம், மரை, ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், சேஸ் நம்பர் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்கள்.

பிரஷ்தானே என்று மூச்சு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். காற்றோட்டம், கையுறை, ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் மூன்றும் வேண்டும், தூசி மாஸ்க் தின்னர் ஆவியை நிறுத்தாது. எனாமல் துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்துவைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மாட்டிவிடாதீர்கள், ஒரு வாரமாவது விடுங்கள். மாட்டும்போது ஸ்பேனர் பட்டு போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் பெயரத்தான் செய்யும். எபாக்சியென்றால் புதிதாகக் கொஞ்சம் கலந்து, சின்ன பிரஷ்ஷால் அந்த இடங்களையெல்லாம் அன்றைக்கே மூடி, காய்ந்ததும் மேலே கலரையும் தொட்டுவிடுங்கள்.