மாரடைப்புக்குப் பிறகு நித்திரை வராவிட்டால்

மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர் இரவில் கண் மூடாமல் கிடந்தால், பாமசியில் நித்திரைக் குளிசை கேட்டு ஓடாதீர்கள். எதற்கு எழும்புகிறார், எத்தனை மணிக்கு என்று இரண்டு மூன்று இரவு கவனித்து, கிளினிக் கொப்பியில் குறித்து வையுங்கள்.

சலம் போக அடிக்கடி எழும்பினால் உடம்பு நீரைச் சலமாக வெளியேற்றும் ஃபுருசமைட் குளிசையின் நேரத்தைப் பாருங்கள். இரண்டாவது வேளையை இரவில் போடுபவர்கள் பலர். பகல் 2 மணிக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். படுத்ததும் மூச்சு முட்டி எழும்பி இருக்கிறார், தலையணை ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது என்றால் இதயம் தளர்ந்து நெஞ்சில் நீர் கட்டுகிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மூச்சு அடங்காவிட்டால் இலங்கையின் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுபவருக்கு டயசிபாம், குளோனசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் ஆபத்து. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலோல் போடுபவருக்குக் கெட்ட கனவுகள் வரலாம். அதற்காகச் சடுதியாக நிறுத்தினால் மாரடைப்பே திரும்பலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் பழக்கத்தைத் திருத்துங்கள். இரவு எப்படிப் போனாலும் காலமை ஒரே நேரத்தில் எழும்பட்டும். மத்தியான வெக்கையில் பாயில் கிடப்பது அரை மணித்தியாலத்தோடு போதும். பின்னேரப் பிளேன்டீ வேண்டாம். படுத்து 20 நிமிடமளவில் கண் சொக்காவிட்டால் எழும்பி விறாந்தையில் இருந்துவிட்டு, நித்திரை தூக்கினால் திரும்பிப் படுக்கட்டும். முதல் வாரம் களைப்பு கூடும், விடாதீர்கள்.

மனச்சோர்வைத்தான் சனம் கவனிக்காமல் விடுகிறது. “வருத்தக்காரருக்கு யோசனை இருக்கும்தானே” என்பார்கள். ஐந்து பேரில் ஒருவருக்களவில் வரும் இந்தச் சோர்வு இதயத்தையும் கெடுக்கும். மாரி வேளாண்மை விதைக்கிற நேரத்திலும் வயலைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் இரண்டு கிழமை இருக்கிறாரா? மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். போடும் எல்லாக் குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கள்.

மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் எழுதுவது செர்ட்ராலின் குளிசை, காலமையில் 25 அல்லது 50 மில்லிகிராம். முதல் கிழமை ஓங்காளிக்கும். மனம் தெளிய 4 முதல் 6 கிழமை எடுக்கும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரலோடு சேர்ந்தால் இரத்தம் கசியலாம்: மலம் கறுத்தால் உடனே காட்டுங்கள். ஃபுருசமைட்டும் போடும் வயதானவர் தடுமாறிப் பேசினால் இரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைந்ததா என்று பார்க்க வேண்டும். அயல்வீட்டார் தரும் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வுக் குளிசை இதயத் துடிப்பைக் குழப்பும், தொடவே கூடாது.

“இருந்து என்ன பலன்” என்று பேசத் தொடங்கினால் தனியே விடாதீர்கள். களைநாசினியையும் குளிசைகளையும் பூட்டி வையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.