சொந்தப் போர் விமானம்: சின்ன விமானப்படைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நேரத்தில் ஸ்வீடன் அமெரிக்காவிடம் 120 செவர்ஸ்கி போர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. 60 வந்து சேர்ந்தன. மிச்சத்தை 1940-இல் அமெரிக்கா தர மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் எஃகுச் சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகையை வைத்து ஜே 22 என்ற விமானத்தை ஸ்வீடன்காரர்களே கட்டினார்கள். 1942-இல் அது பறந்தது. அன்று பட்ட சூடுதான், இன்றைக்கும் சுமார் ஒரு கோடிப் பேர் மட்டுமே வாழும் அந்த நாடு தன் சாப் நிறுவனத்தின் கிரிபென் போர் விமானத்தை நம்பியிருப்பதற்கு வேர். ஆனால் சொந்தமாக விமானம் கட்டும் இந்த வழியில் இறங்குகிற நாடுகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் சில உண்டு.

முதல் தவறு, வாங்கும் விலையை மட்டும் பார்த்து "மலிவு" என்று சொல்வது. போர் விமானம் முப்பது வருடம் தீனி கேட்கும். தென்னாப்பிரிக்கா 26 கிரிபென்களை வாங்கியது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்காமல் போனதால், 2021 கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் அத்தனையும் தரையிலேயே நின்றன. விமானத்தில் ஒரு குறையும் இல்லை. அதே விமானத்தை ஸ்வீடன் எப்படித் திட்டமிட்டது என்று பாருங்கள். போர் வந்தால் எதிரி முதலில் விமானதளத்தைத்தான் அடிப்பான். அதனால் 800 மீட்டர் நேரான சாலை இருந்தாலே கிரிபென் இறங்கி ஏற வேண்டும். ஒரு தொழில்நுட்பப் பணியாளரும் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த ஐந்து இளைஞர்களும் சேர்ந்து, பத்தே நிமிடத்தில் எரிபொருள் நிரப்பி ஏவுகணை மாட்டி அனுப்ப வேண்டும். விமானத்தை வரையும்போதே இதையெல்லாம் நிபந்தனையாக வைத்தார்கள். உண்மையான சிக்கனம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது எஞ்சின். இதில்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். "உள்நாட்டுத் தயாரிப்பு" என்று பெயர் வைத்துவிட்டால் வெளிநாட்டுப் பிடி விட்டுவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. 1978-இல் ஸ்வீடன் தன்னுடைய விக்கன் விமானத்தை இந்தியாவுக்கு விற்கப் பார்த்தது. அமெரிக்கா தடுத்துவிட்டது. காரணம், விக்கனின் எஞ்சினை வோல்வோ நிறுவனம் தயாரித்தாலும், அதன் மூல வடிவம் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பயணிகள் விமான எஞ்சின். நாம் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து செய்த ஜாகுவார் விமானத்துக்குப் போனோம். கிரிபெனிலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்404 எஞ்சினின் வழிவந்ததுதான் இருக்கிறது. நம் தேஜஸிலும் அதே குடும்பம். தேஜஸ் மார்க் 1ஏ-வுக்காக 2021-இல் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் போட்டோம். முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்று கிளம்புவதும் சரியல்ல. ஜெட் எஞ்சின் என்பது பல தலைமுறை உழைப்பைக் கேட்கும் வேலை. தேஜஸுக்காக உள்நாட்டில் உருவாக்கிய நம் காவேரி எஞ்சினுக்காகப் பல வருடம் காத்திருந்து, கடைசியில் தேஜஸை அதிலிருந்து பிரித்தோம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். எஞ்சினின் வடிவமைப்பை வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட ஸ்வீடன், அதன் பாகங்களைச் செய்யவும் எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் உள்நாட்டில் ஆலையை வைத்துக்கொண்டது. விமானங்களுக்கு இடையிலான தரவுத்தொடர்பு, மின்னணுப் போர்க்கருவிகள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் மென்பொருள் ஆகியவற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

அப்புறம், விபத்து. 1989 பிப்ரவரியில் கிரிபெனின் முதல் மாதிரி விமானம் தரையிறங்கும்போது கவிழ்ந்தது. 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரத் திருவிழாக் கூட்டத்தின் கண்முன்னே இன்னொன்று விழுந்தது. இரண்டிலும் அதே விமானிதான். இரண்டு முறையும் உயிர் பிழைத்தார். விமானியின் கை அசைவும் கட்டுப்பாட்டு மென்பொருளும் ஒன்றையொன்று துரத்தி ஆட்டத்தைப் பெரிதாக்கியது காரணம் என்று கண்டுபிடித்து, மென்பொருளைத் திருத்தித் தொடர்ந்தார்கள். அன்றைக்கே திட்டத்தை மூடியிருந்தால் கிரிபென் இன்று பிரேசில், தாய்லாந்து வரை போயிருக்காது. 2025 நவம்பரில் துபாயில் தேஜஸ் விழுந்து நம் விமானி உயிரிழந்தபோது மனசு உடைந்துபோனது. ஆனால் சில மணி நேரத்திலேயே "விமானமே சரியில்லை" என்று தீர்ப்பு எழுதியவர்களைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. விசாரணை முடியும் முன்னால் சொல்லும் எந்தத் தீர்ப்பும் அடுத்த விமானியைக் காப்பாற்றாது.

கடைசியாக, வெளிநாட்டுக் கதவு திறந்ததும் சொந்த ஆலையைக் கைவிடுவது. தைவானுக்கு எஃப்-16 தர அமெரிக்கா மறுத்ததால்தான் அவர்கள் சிங்-குவோ விமானத்தை உருவாக்கினார்கள். 1989-இல் அது பறந்தது. 1992-இல் அமெரிக்கா 150 எஃப்-16 தரச் சம்மதித்தது, பிரான்ஸ் 60 மிராஜ் தந்தது. உடனே சிங்-குவோ ஆர்டர் கிட்டத்தட்டப் பாதியாகி, சுமார் 130 விமானங்களோடு நின்றது. ஆர்டர் நின்றால் அங்கே வேலை செய்த பொறியாளரும் பிட்டரும் வேறு பிழைப்பு தேடிப் போய்விடுவார்கள், கைப்பழக்கமும் அவர்களோடு போய்விடும். அதே சிங்-குவோவிலிருந்து தைவான் உருவாக்கிய பயிற்சி விமானம் முதன்முதலாகப் பறந்தது 2020-இல். சிங்-குவோ உற்பத்தி நின்றதிலிருந்து சுமார் இருபது வருடம் போயிருந்தது.