சுகர் கிளைடர் கடிக்குதா? முதல்ல இந்தத் தப்பெல்லாம் நிறுத்துங்க

சுகர் கிளைடர்ங்கறது மரத்துக்கு மரம் காத்துல சறுக்கிப் போற, கங்காரு மாதிரி வயித்துல பை இருக்கற குட்டி மிருகம். அது வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாளே "ரத்தம் வர்ற அளவுக்கு கடிக்குது, யாருக்காவது குடுத்துடலாமா"ன்னு கேக்கறவங்க நிறைய பேர். அவசரப்படாதீங்க. 100லருந்து 150 கிராம் எடை இருக்கற ஜீவன் அது, காட்டுல ஆந்தைக்கும் பாம்புக்கும் இரையாகறது, அதுக்கு மேல இருந்து திடீர்னு இறங்கி வர்ற நம்ம கை எப்படி தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. அது கடிக்கறது பெரும்பாலும் கோபத்துல இல்ல, பயத்துல.

இதுல ரொம்பப் பெரிய தப்பு, கடிச்ச உடனே கையை வெடுக்குனு இழுக்கறது. வலிக்கும்தான், ஆனா நீங்க இழுத்தா "கடிச்சா இந்தக் கை போயிடும்"னு அது கத்துக்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா, இன்னும் அழுத்தமா கடிக்கும், தோலும் கிழியும். அதனால கடி வாங்கற நிலைமைக்கே போகாதீங்க. பின்னங்கால்ல நிமிர்ந்து நின்னு, வாயைத் திறந்து, பழைய மிக்ஸி ஓடற மாதிரி கரகரன்னு கத்துதா, அது பயந்துருக்குன்னு அர்த்தம், கையை வெச்ச இடத்துலயே அப்படியே வைங்க, மெதுவா பேசுங்க, சத்தம் அடங்கின பிறகு கையை எடுங்க. தூக்கணும்னா ஒரு சின்ன ஃப்ளீஸ் துணியால (மெத்துனு இருக்கற கம்பளி மாதிரி துணி) கீழ இருந்து அள்ளுங்க.

மூஞ்சில ஊதறது, மூக்குல சுண்டறது, கத்தறது எல்லாம் வேண்டவே வேண்டாம். அதுக்கு தண்டனைன்னா என்னன்னு புரியாது, உங்களைப் பார்த்து பயப்பட மட்டும்தான் கத்துக்கும். தடி க்ளவுஸ் போடறதும் அப்படித்தான், உங்க கை வாசனை அதுக்குப் பழகவே பழகாது.

பகல்ல எழுப்பி விளையாடாதீங்க, அது ராத்திரி மிருகம். நீங்க போட்டு கழட்டின டீ-ஷர்ட் துண்டு ஒண்ணை பாண்டிங் பவுச்சுல (கிளைடரைத் தூங்க வெச்சு கூடவே தூக்கிட்டுப் போற சின்ன துணிப்பை) வெச்சு, பகல்ல அது உள்ள தூங்கறப்போ பையை கழுத்துல மாட்டிக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க. என் ஆண் கிளைடருக்கு இப்படியே ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு ராத்திரி அதுவா சட்டைக் கைக்குள்ள ஏறி கழுத்துகிட்ட வந்து உக்காந்துச்சு, அன்னிக்கு நான் அசையாம உக்காந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

எல்லா கடியும் கடி இல்லைங்கறதும் தெரிஞ்சுக்கோங்க. காட்டுல கீழ்ப்பல்லால மரப்பட்டையை சுரண்டி பிசின் சாப்பிடற மிருகம் இது, உங்க விரல்ல பழ வாசனையோ லோஷனோ இருந்தா அதையும் சுரண்டத்தான் செய்யும். வாசனை இல்லாத சோப்புல கை கழுவிட்டு போங்க.

தனியா ஒண்ணே ஒண்ணு வளக்கறது இன்னொரு தப்பு, கூட்டமா வாழற மிருகம், தனிமையில ஸ்ட்ரெஸ் ஆகி தன் வாலையே கடிச்சுக்கறதும் உண்டு. வயித்துல இருக்கற பையில குட்டி வெச்சிருக்கற தாய் கடிச்சா அது குட்டியைக் காப்பாத்துது, விட்டுடுங்க.

பல்லை மட்டும் வெட்டவோ தேய்க்கவோ யாரையும் விடாதீங்க!! எலிக்கு மாதிரி இதுக்கு பல்லு தொடர்ந்து வளராது, வெட்டினா வலில சாப்பாடே எறங்காது.

இத்தனை நாள் சாதுவா இருந்தது திடீர்னு கடிக்குதுன்னா அதை சேட்டைன்னு நினைக்காதீங்க, உடம்புல வலி இருக்கலாம். கால்சியம் குறைஞ்சா பின்னங்கால் வலுவிழக்கும், தூக்கும்போது வலிச்சு கடிக்கும். இந்த மாதிரி விலங்குங்களைப் பார்த்துப் பழகின வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட உடனே காட்டுங்க. தலை உச்சில சொட்டை விழுந்த ஆண்னா வயசுக்கு வந்திருச்சுன்னு அர்த்தம், நியூட்டர் (கருத்தடை ஆபரேஷன்) பண்ணலாமான்னும் அவர்கிட்டயே கேளுங்க.

உங்களுக்கு ரத்தம் வந்திருந்தா சோப்பு போட்டு ஓடற தண்ணியில நல்லா கழுவுங்க, வீங்கி சிவந்தா டாக்டரைப் பாருங்க.