லிப்பெடிமா கால்களுக்கு நிணநீர் ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அணு மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஊசி போடுவதைப் போன வாரம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்த புதிதில் நான் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். பெயர் மாறிப்போவது, கர்ப்பமா என்று கேட்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

லிப்பெடிமா பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி கொழுப்பு சேரும். அழுத்தினால் வலிக்கும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும். பாதம் மட்டும் பழையபடி இருக்க, கணுக்காலில் தண்டை மாட்டியதுபோல் கொழுப்பு நின்றுவிடும். 1940-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலனும் ஹைன்சும் இதை விவரித்து எழுதினார்கள். ஆனால் நம் ஊரில் கால் பருத்தால் முதலில் வாயில் வருவது யானைக்கால்தான். அது நிணநீர் ஓட்டம் கெட்டு வரும் வீக்கம். அதனால், நிணநீர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க எங்களிடம் அனுப்புகிறார்கள்.

ஊசியை ஆழமாக இறக்குவது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய கொலாய்டு (நுண்துகள்) மருந்தில் 0.1 அல்லது 0.2 மி.லி. எடுத்து, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே போடுகிறோம். அது தோலுக்குள் நிற்க வேண்டும், தோலுக்கு அடியில் போகக் கூடாது. நிணநீர் நுண்குழாய்கள் நெருக்கமாக இருப்பது தோலுக்குள்தான். மருந்து அதற்குக் கீழே இறங்கினால் மெதுவாகத்தான் மேலே ஏறும். சில இடங்களில் தோலடி ஊசியே வழக்கம். சரி, அங்கே நேரக் கணக்கும் வேறு. ஒரு முறையில் ஊசி போட்டுவிட்டு இன்னொரு முறையின் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் தப்பு.

பருத்த காலைப் பார்த்ததும் பிள்ளைகளின் கை தானாகவே ஆழமாகப் போகிறது. ஆனால் ஊசி போகும் பாதத்தில் கொழுப்பே இல்லையே!

எனக்கு இது நடந்தது வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். நாற்பதை ஒட்டிய வயதில் ஒரு அக்கா. இரண்டு காலிலும் போட்டேன். 2 மணி நேரம் கழித்தும் தொடை இடுக்கு நெறிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள், மங்கலாகத்தான் தெரிந்தன. ‘இரு கால்களிலும் நிணநீர் அடைப்பு’ என்று ரிப்போர்ட் போனது. லிப்பெடிமாவும் இரண்டு பக்கமும் வரும், ஒரே கை ஒரே ஆழத்தில் செய்த தவறும் இரண்டு பக்கமும் தெரியும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் அவருடைய குளிக்கும் பக்கெட்டைத் தனியாக வைத்துவிட்டார்களாம். யானைக்கால் கொசு வழியாகத்தான் பரவும், பக்கெட்டில் ஒட்டாது. அது வேறு கதை.

எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர் மறுபடி ஸ்கேன் எழுதி அனுப்பினார். எங்கள் சீனியர் பழைய படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “கொப்புளம் வந்துச்சா?” எனக்கு நினைவில்லை. அவரே ஊசி போட்டார். துளை மேலே பார்க்க, ஊசி ஏறக்குறையப் படுத்த நிலையில். கொசு கடித்ததுபோல் வெளுத்து ஒரு தடிப்பு எழும்பியது. 20 நிமிடத்தில் இரண்டு பக்கமும் நெறி வந்துவிட்டது.

கொப்புளம் எழும்பாவிட்டால் அதைக் குறித்து வையுங்கள். எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால், காசநோய்க்கு மான்டூ ஊசி போடும் நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்.

படுக்கவைத்தே படம் எடுப்பது

நிணநீரை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஏசி அறையில் அசையாமல் கிடந்தால் யாருக்கும் தாமதமாகும். முதல் படங்கள் முடிந்ததும் காரிடாரில் நடக்க விடுங்கள். எத்தனை நிமிடம் நடந்தார் என்றும் எழுதுங்கள்.

ஒரு காலுக்கு மட்டும் போடுவது

வேண்டாம்.

கேட்காமல் காலை அழுத்துவது

அவருக்கு வலிக்கும்.

‘லிப்பெடிமா உறுதி’ என்று எழுதுவது

ஸ்கேன் அதைச் சொல்லாது. லிப்பெடிமா என்று முடிவு செய்வது காலைப் பார்த்தும் தொட்டும்தான். லிப்பெடிமாவில் படம் நார்மலாகவும் இருக்கலாம், லேசான தாமதமும் இருக்கலாம். நெறி எப்போது வந்தது, மருந்து தோலுக்குத் திரும்பிப் பரவியதா, முழங்கால் மடக்கில் நெறி தெரிந்ததா என்று கண்டதை எழுதினால் போதும். அப்புறம், படுக்க வைக்கும்போதே கால் இரண்டாம் விரலின் மேற்புறத் தோலைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாக எடுக்க வரவில்லையென்றால் நிணநீர் வீக்கத்தைச் சந்தேகிக்கலாம். மடிப்பு வந்துவிட்டால் அது இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. தொடக்க நிலையில் தோல் மடியும்.

பச்சைச் சாயத்தை அளவுக்கு மீறி நம்புவது

நிணநீர்க் குழாய்களைப் பார்க்க ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தை ஊசியில் போடுவதும் உண்டு. அதற்கான கேமரா ஒன்றரை, இரண்டு செ.மீ. ஆழம் வரைதான் பார்க்கும். தடித்த தொடையில் குழாய் தெரியவில்லை என்றால், கேமராவுக்கு எட்டவில்லை என்றும் பொருள்.

நெறி இல்லை என்று அவசரப்படுவது

டெக்னீசியத்தின் காமா கதிரில் பாதியைச் சுமார் 4.6 செ.மீ. சதையே குடித்துவிடும். வயிற்று மடிப்பு தொடை இடுக்கின் மேல் விழுந்திருந்தால் நெறி மங்கும், சில சமயம் காணாமலே போகும். மடிப்பைத் துண்டால் மேலே இழுத்துப் பிடிக்கச் சொல்லி இன்னொரு படம் எடுங்கள். போன வாரமும் அப்படித்தான், துண்டை இழுத்ததும் இரண்டு பக்கமும் பளிச்சென்று வந்தது. பக்கத்து அறையில் ரிப்போர்ட் பாதி டைப் ஆகியிருந்தது.