போகிக்கு முன் பரணை ஒழிப்பது எப்படி

பரணில் இருப்பதை முதலில் முழுவதும் கீழே இறக்கிவிடுங்கள், மேலேயே உட்கார்ந்து பார்த்தால் எதையும் கழிக்க மனசு வராது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, போன போகியிலிருந்து இதை ஒரு தடவையாவது தேடினோமா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் தாராளமாகக் கழிக்கலாம். பிடி உடைந்த குக்கர், ஓடாத மிக்ஸி, மூடி தொலைந்த டப்பா எல்லாம் 'ஒரு நாள் சரி பண்ணலாம்' என்றே வருஷக்கணக்கில் கிடப்பவை, காயலான் கடைக்குப் போகட்டும்.

பித்தளை, எவர்சில்வர் விஷயம் வேறு. அம்மாவின் பெயர் வெட்டிய அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டு நான் இன்னும் வருந்துகிறேன், அதனால் அப்படிப்பட்ட பாத்திரத்தில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பாத்திரக்கடையில் கொடுத்துப் புதிது மாற்றிக்கொள்ளலாம்.

காகிதத்துக்கு நிதானம் வேண்டும். கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், மதிப்பெண் பட்டியல் இவையெல்லாம் பழைய பேப்பருக்குள்தான் ஒளிந்திருக்கும், எந்தக் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள்.

நல்ல துணியைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். அப்புறம், பிளாஸ்டிக், டயர் எதையும் போகித் தீயில் போட வேண்டாம், அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் மூச்சு முட்டும்.